அரிசி அளவு வாத்து: மாதிரி ரயிலும் குட்டிக் கட்டடங்களும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் 'பார்க்' கட்டத் தெரிந்திருக்கும். படிகளுக்குக் கீழே தரையில் மணலைக் கொட்டி, நாலு நாள் முன்னாலேயே கடுகோ கேழ்வரகோ தூவித் தண்ணீர் தெளித்துப் புல் முளைக்கவைத்து, முகம் பார்க்கிற பழைய கண்ணாடியைப் பதித்துக் குளமாக்கி, அதில் ஒரு வாத்தை விட்டு, ஓரமாக ஒரு பிளாஸ்டிக் ரயிலை நிறுத்துவோம். அந்தப் பார்க்கில் வாத்து பஸ்ஸைவிடப் பெரிதாக இருக்கும், போலீஸ்காரர் கோபுரத்தில் பாதி உயரம் இருப்பார், யாருக்கும் உறுத்தாது. எனக்குப் பதினொரு வயதில் உறுத்தியது. வாத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு அரிசியை வைத்தேன். அவ்வளவுதான், அதுவரை குளமாக இருந்த கண்ணாடி அந்த நிமிஷமே ஏரியாகிவிட்டது. ஏற்காடு ஏரியை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி.

அந்த அரிசிதான் இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படை. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சுருக்க வேண்டும்: ரயிலை எத்தனை மடங்கு சுருக்கினோமோ அதே மடங்கு ஸ்டேஷனையும், ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஆட்டோவையும், ஆட்டோக்காரரையும், அவர் கையில் இருக்கிற டீ டம்ளரையும் சுருக்க வேண்டும். இப்படிச் சுருக்கிய ஒரு முழு ஊரையும் அதில் ஓடுகிற ரயிலையும் ஒரு பலகை மேல் கட்டுவதைத்தான் மாடல் ரயில்வே என்கிறார்கள். கட்டி முடித்த அந்தப் பலகைக்கு லே-அவுட் என்று பெயர். அதில் வரும் கட்டடங்களைக் கடையில் பெட்டியாக வாங்கி ஒட்டாமல், அட்டை, பலகை, கம்பி, காகிதம் என்று வெறும் பொருளிலிருந்து நாமே அளந்து வெட்டிக் கட்டினால் அது ஸ்க்ராட்ச் பில்டிங். நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றித்தான், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ரயில் வாங்கவேண்டும் என்று நினைக்கிறார்கள், விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். ரயில் அப்புறம் வாங்கலாம். முதலில் ஒரு கட்டடம் கட்டுங்கள், தீப்பெட்டி அளவில், ஒரே ஒரு கட்டடம்.

அதற்கு முன்னால் ஸ்கேல் என்ற கணக்கைப் பார்த்துவிடலாம், கொஞ்சம்தான் இருக்கிறது.

உலகம் முழுக்க அதிகமாகப் புழங்குவது எச்ஓ ஸ்கேல். நிஜத்தில் 87 பங்கு இருப்பது மாடலில் 1 பங்கு. ஏன் நூறு, ஐம்பது என்று முழு எண்ணாக இல்லாமல் 87 என்று கேட்டால், அது வரலாற்றில் தானாக வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் மார்க்லின் பொம்மைக் கம்பெனி 1891-இல் தன் ரயில்களுக்கு அளவு எண்கள் கொடுத்துத் தண்டவாளத்தை வரிசைப்படுத்தியது. அந்த வழியில் வந்த சிறிய அளவு சைபர், அதுவே பின்னாளில் 'ஓ' ஆனது. அதைப் பாதியாக்கியபோது 'ஹாஃப் ஓ', சுருக்கமாக எச்ஓ. அதில் ஒரு அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள், அதை வகுத்துப் பார்த்தால் 87 சொச்சம் வருகிறது. இந்த 87-ஐ மறந்துவிட்டாலும் ஒரு அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நம் ஊரில் கொத்தனாரும் தச்சரும் வீட்டுத் தரகரும் இன்றைக்கும் அடியில்தான் பேசுகிறார்கள், பத்துக்குப் பத்து ரூம் என்றால் நமக்குக் கண் முன்னால் வந்து நிற்கும், அந்தப் பத்தடி மாடலில் 35 மி.மீ. ஏழடிக் கதவு இருபத்து நாலரை மி.மீ. கால்குலேட்டர் வேண்டியதில்லை.

இதைவிடச் சிறியது 'என்' (N) ஸ்கேல், 160-இல் ஒன்று. அதற்கு 9 மி.மீ. தண்டவாளம், அந்த ஒன்பதின் ஆங்கில முதலெழுத்துதான் அந்தப் பெயர். இன்னும் சிறியது 1972-இல் வந்த இசட், 220-இல் ஒன்று. பிரிட்டனில் ஓஓ என்று ஒன்று உண்டு, 76-இல் ஒன்று. எச்ஓவுக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் தடித்துத் தெரியும், இரண்டையும் கலந்து வாங்கிவிடாதீர்கள்.

ஸ்கேல் வேறு, கேஜ் வேறு. ஸ்கேல் என்பது சுருக்கிய விகிதம். கேஜ் என்பது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி. நம் அகலப்பாதை ஐந்தடி ஆறங்குலம், 1676 மி.மீ. நடுத்தர உயரமுள்ள ஒரு ஆளைக் குறுக்காகப் படுக்கவைத்தால் தலைக்கும் காலுக்கும் சரியாக இருக்கும். எச்ஓவில் அது 19.3 மி.மீ. வரவேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் பதினாறரை மி.மீ., காரணம் அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மி.மீ. பாதையைச் சுருக்கியது. அதனால் சேலம் ஜங்ஷனை எச்ஓவில் கட்டினால் ரயில் பெட்டி சரியான அளவில் இருக்கும், காலடியில் பாதை மட்டும் கிட்டத்தட்ட மூன்று மி.மீ. ஒடுங்கியிருக்கும். இதைச் சரிசெய்யத் தண்டவாளத்தையே கையால் போடுகிற பொறுமைசாலிகள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. புதிதாகத் தொடங்குபவர்கள் அதை இப்போதைக்கு விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. பெட்டியும் கட்டடமும் ஆளும் சரியாக இருந்தால் கண் அந்த மூன்று மில்லிமீட்டரைத் தேடிப் போகாது.

அடுத்தது இடம். கணக்குப்படி எல்லாவற்றையும் சுருக்கினால் வீட்டில் வைக்க முடியாது, இதை ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். எல்எச்பி என்கிற இன்றைய எக்ஸ்பிரஸ் பெட்டி ஒன்று எச்ஓவில் 27 செ.மீ., 24 பெட்டி உள்ள ஒரு முழு எக்ஸ்பிரஸ் ஆறரை மீட்டருக்கு மேல் போகும், ஹாலில் தொடங்கிக் கொல்லைப்புறம் வரை. ஏற்காடு சேலத்தைவிட ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, சேர்வராயன் மலையை அப்படியே 87-ஆகச் சுருக்கினால்கூட நாலு மாடி வீடு உயரத்துக்கு நிற்கும். ஆகவே வெட்டிக் குறைக்கத்தான் வேண்டும். அதில்தான் சாமர்த்தியமே இருக்கிறது. எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது? தூரத்தைக் குறைக்கலாம், பெட்டி எண்ணிக்கையைக் குறைக்கலாம், பிளாட்பாரத்தைப் பாதியாக்கலாம், இருபது கொண்டை ஊசி வளைவை இரண்டாக்கலாம். மனிதன் கைபடுகிற பொருள்களின் அளவை மட்டும் மாற்றவே கூடாது: கதவு, படிக்கட்டு, பெஞ்ச், கைப்பிடிச் சுவர், பிளாட்பாரத்தின் உயரம். நம் உயர்ந்த பிளாட்பாரம் தண்டவாள மட்டத்திலிருந்து எண்பது செ.மீ. போல இருக்கும், மாடலில் 9 மி.மீ. அது 15 ஆகிவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொம்மையாகிவிடும்.

என்ன ஊரைக் கட்டுவது என்பதில் இரண்டு வழி உண்டு. நிஜத்தில் இருக்கிற ஒரு ஸ்டேஷனை ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருந்தபடி கட்டுவது ஒன்று. முன்பு மீட்டர்கேஜாக இருந்த விருத்தாசலம் லைனை, ஊருக்கு நடுவில் சேலம் டவுன் ஸ்டேஷனை, அந்தக் காலத்துப் பெட்டிகளோடு கட்டலாம், பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு. இன்னொன்று கற்பனை. ஏற்காட்டுக்கு ரயில் இல்லை, போட்டதும் இல்லை, ஆனால் போட்டிருந்தால்? நான் கட்டிக்கொண்டிருப்பது அதைத்தான். காபி மூட்டை இறக்க ஒரு குறும்பாதை மலை ரயில், இரண்டரை அடி கேஜ், 1903-இல் ஓடத் தொடங்கிய கல்கா-சிம்லா பாதைக்கு உள்ள அதே 762 மி.மீ. எச்ஓவில் அது கிட்டத்தட்ட 9 மி.மீ. வரும், அதாவது 'என்' ஸ்கேல் தண்டவாளம் அப்படியே பொருந்தும். 'என்' ஸ்கேல் எஞ்சினின் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு அதன் மேல் எச்ஓ அளவில் உடலைக் கட்டிக்கொள்ளலாம். இடமும் குறைவாகப் பிடிக்கும். எச்ஓ அகலப்பாதையில் ரயில் ஒரு வட்டம் அடித்துத் திரும்ப மூன்றரை, நாலு அடி அகலப் பலகை வேண்டும், குறும்பாதைக்கு அதில் பாதி போதும்.

ஏறுமுகத்தில் மட்டும் கவனம் வேண்டும். நீலகிரி ரயில் 12 அடி போனால் 1 அடி ஏறுகிறது, அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவில், எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுகிற பல்சட்டம் இருக்கிறது. பல்சட்டம் இல்லாத மாடல் எஞ்சின் நூறு செ.மீ. போக இரண்டு மூன்று செ.மீ. ஏறினாலே சக்கரம் வழுக்கத் தொடங்கும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். முதல் கட்டடமாக நான் எல்லாருக்கும் சொல்வது லெவல் கிராசிங் ஓரத்தில் இருக்கிற கேட் ரூம். நாலு சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே மங்களூர் ஓடு. பத்தடிக்கு எட்டடி. கேட் போட்டிருக்கும்போது வண்டியை ஆஃப் செய்துவிட்டு நிற்கிறோமே, அந்த ஐந்து நிமிஷம் போதும் பார்த்துக்கொள்ள. தண்டவாளப் பக்கம் இறங்க வேண்டாம், ரோட்டில் நின்றபடியே அளந்துவிடலாம். செங்கல் தெரிகிற சுவர் என்றால் வரிகளை எண்ணுங்கள். சாந்தையும் சேர்த்தால் ஒரு வரி சுமார் மூன்றரை அங்குலம், எச்ஓவில் அது சரியாக ஒரு மி.மீ.! பூசிய சுவர் என்றால் கதவை வைத்து மதிப்பிடலாம்: கதவு ஏழடி, அதற்கு மேல் சுவர் எவ்வளவு ஏறுகிறது, கதவைப்போல் எத்தனை மடங்கு அகலம் இருக்கிறது என்று. இப்படி ஒரு கட்டடத்தைப் பார்த்த பிறகு நீங்கள் தெருவில் நடக்கிற விதமே மாறிவிடும். சன்ஷேடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கிச் சுவரில் கறை படிந்திருக்கிறது என்றெல்லாம் கண் தானாகத் தேடும்.

பொருள்: ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் 3 மி.மீ. சன்போர்டு (லேசான பி.வி.சி. பலகை) மிச்சத் துண்டு கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். ஏன் மூன்று மி.மீ. என்றால், ஒன்பதங்குலச் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு, மொத்தம் பத்தங்குலம், மாடலில் கிட்டத்தட்ட மூன்று மி.மீ. அந்தத் தடிமன் ஜன்னல் ஓரத்தில் தெரிந்தால்தான் அது சுவர், இல்லாவிட்டால் காகிதம். நான் முதலில் கட்டிய கேட் ரூம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை அட்டை. வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருந்தேன், ஐப்பசி மழையில் நாலு சுவரும் வில்லாக வளைந்துவிட்டன. அட்டை ஈரத்தை இழுக்கும், ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் பட்டால் இன்னும் மோசம். அதனால் இப்போது சுவருக்குச் சன்போர்டு, கூரைக்கும் கதவுக்கும் மட்டும் பத்திரிகை அட்டை, அதுவும் இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசி. கல்யாணப் பத்திரிகையை இனி யாரும் உங்கள் வீட்டில் தூக்கிப் போடக்கூடாது, அதைப்போல வழவழப்பான, விறைப்பான அட்டையைக் காசு கொடுத்துத் தேடினாலும் சட்டென்று கிடைக்காது.

கருவிகள் கொஞ்சம்தான். கட்டர், புதிய பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், கூரான பென்சில், சாமணம், ஊசி அரம். சாமணமும் அரமும் வாங்குவதில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். நுனி ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் சேருகிற சாமணம் கிடைக்கும். எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்தான் எனக்குச் சாமணம் பிடிக்கவே கற்றுக்கொடுத்தார். நான் இறுக்கிப் பிடித்து, பொருள் தெறித்து ஓடிக்கொண்டே இருந்தது. "இறுக்காதீங்க தம்பி, பொருள் விழாத அளவுக்குப் பிடிச்சாப் போதும்" என்றார். அன்றைக்கு மாறியது கை.

இப்போது வெட்டலாம். முக்கோணமாக மேலே ஏறுகிற சுவர்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 28 மி.மீ. அகலம், ஓரத்தில் 35 உயரம், நடுவில் இன்னும் எட்டு ஏறி 43. நீளவாட்டுச் சுவர்கள் இரண்டு. பத்தடி என்றால் 35 என்று அப்படியே வெட்டிவிடாதீர்கள்! இந்தச் சுவர்கள் முக்கோணச் சுவர்களுக்கு நடுவில் போய் உட்காருகின்றன, இரண்டு பக்கமும் மூன்று மூன்று மி.மீ. தடிமனைக் கழிக்க வேண்டும், ஆக 29. இதை மறந்தால் அறை 41 மி.மீ. ஆகிவிடும், நிஜ அளவில் ஒன்றே முக்கால் அடி அதிகம். எல்லாரும் முதலில் செய்கிற தவறு இது.

கட்டரை அழுத்தாதீர்கள். ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி லேசாக ஐந்தாறு தடவை இழுத்தால் தானாக அறுபடும். அழுத்தினால் பிளேடு சாயும், விளிம்பு சரிவாக வரும், மூலை சேராது, விரலுக்கும் ஆபத்து. கதவும் ஜன்னலும் சுவர் தட்டையாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், ஒட்டியபிறகு முடியாது. கதவு 24.5-க்கு 10.5, ஜன்னல் 14-க்கு 10.5. நாலு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டுங்கள், அப்போதுதான் கோடு மூலையைத் தாண்டி ஓடாது. ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் ஒரு சொட்டு, ஊசி முனையில் தொட்டு. மூலை செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு சுவரை ஒட்டியதுமே தீப்பெட்டியை அந்த மூலையில் நிறுத்தினாலே போதும்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது கூரை. இரண்டு பக்கமும் தாழ்வாரம் ஐந்து மி.மீ. நீட்டவேண்டும், ஆக ஒவ்வொரு சரிவுக்கும் 45-க்கு 22 மி.மீ. பத்திரிகை அட்டை. மங்களூர் ஓடு ஒன்று நிஜத்தில் பதினாறு அங்குல நீளம், ஒன்பது சொச்சம் அகலம். மேல் ஓடு கீழ் ஓட்டை மூடியது போக வெளியே தெரிவது ஒரு அடிக்குச் சற்று அதிகம். எனவே கெட்டிக் காகிதத்தை ஐந்து மி.மீ. அகல நாடாக்களாக வெட்டி, கீழ் விளிம்பில் இரண்டரை மி.மீ.க்கு ஒரு கீறல் போட்டு, அடியிலிருந்து மேல் நோக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூன்றரை சொச்சம் தெரிகிற மாதிரி ஒட்டிக்கொண்டு போகவேண்டும். ஒரு பக்கத்துக்கு ஆறு நாடா, இரண்டு பக்கத்துக்குப் பன்னிரண்டு, நாடாவுக்குப் பதினெட்டு ஓடு, மொத்தம் 216 ஓடு. கீறலில் ஒன்றிரண்டை நகத்தால் லேசாகத் தூக்கிவிடுங்கள், குரங்கு ஓடிய கூரை மாதிரி. பெயின்ட் அடிக்கும்போது முழுக்க ஒரே செங்காவி அடிக்காதீர்கள். நாலு ஓடு மாற்றிய புது ஓடாகப் பளிச்சென்று, வடக்குச் சரிவில் பாசி ஏறிக் கறுத்து, உச்சியில் சிமென்ட் பூசிய கோடு சாம்பலாக. இந்தக் கூரை வேலைக்கு எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது, அந்த இரண்டு ராத்திரியும் வேறு எதுவும் மனசில் ஓடவில்லை.

அப்புறம் சுவரின் அடிப்பகுதி. நம் பக்கத்துச் செம்மண்ணில் மழை பெய்தால் சொட்டு தெறித்துச் சுவரில் ஒன்றரை, இரண்டடி உயரத்துக்குச் சிவப்பாகப் படியும், கீழே அடர்த்தியாக, மேலே போகப்போகப் புள்ளிப் புள்ளியாக. வீட்டு வாசலில் இருக்கிற செம்மண்ணையே துணியில் சலித்து, உலர்ந்த பிரஷ்ஷால் கீழேயிருந்து ஏழு மி.மீ. வரை தேய்த்துவிடுங்கள். இது ஒன்று போதும், அட்டை வீடு தரையில் முளைத்த வீடாகிவிடும். பெயின்ட் எதுவாக இருந்தாலும் ஒரு துளி வெள்ளை கலந்து கொஞ்சம் வெளுக்கவைத்து அடியுங்கள். பெரிய சுவரில் சரியாக இருக்கிற நிறம் சின்னச் சுவரில் கூச்சலிடும். வாசலில் ஒரு மண்பானை, சுருட்டிவைத்த சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, சாய்த்து நிறுத்திய சைக்கிள். சைக்கிள் செய்வது கஷ்டம், அதை மட்டும் வாங்கிக்கொண்டாலும் தப்பில்லை.

கட்டடம் ஆனபிறகு அதன் முன்னால் இரண்டடித் துண்டுப் பலகையில் ஒரு தண்டவாளம் போட்டு ஜல்லி பரப்பலாம். நிஜ ஜல்லி ஐம்பது மி.மீ. என்றால் மாடலில் அரை மி.மீ.க்குச் சற்று மேல், ரவை அளவு. ரவையையே போட்டுவிடலாம் என்று தோன்றும், நானும் போட்டேன், பத்தே நாளில் எறும்பு வரிசை கட்டியது, மிச்சத்தில் வண்டு வைத்தது. எம்-சாண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பாறையை உடைத்து வந்ததுதான், நிஜ ஜல்லியின் நிறமும் முனையும் அதில் அப்படியே இருக்கும். மாவுச் சல்லடையில் ஒரு தடவை, டீ வடிகட்டியில் ஒரு தடவை சலித்து, நடுவில் நிற்கிற மணியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சேலத்துக்காரர்கள் கட்டாயம் செய்யவேண்டியது. சலித்த மணலைத் தட்டில் பரப்பி, ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதன் மேல் மெதுவாக ஓட்டுங்கள். கவர் முழுக்கக் கறுப்பாகத் தாடி மாதிரி முளைக்கும். நம் கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட், காந்தத்தில் ஒட்டுகிற இரும்புத்தாது, இந்தச் சுற்றுவட்டார மண்ணிலும் மணலிலும் அதன் துகள் கலந்திருக்கும். மாடல் எஞ்சினின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது, தண்டவாளத்துக்குச் சற்று மேலே ஓடுகிற அந்த மோட்டார் இந்தத் துகள்களை உறிஞ்சிக்கொண்டால் கொஞ்ச நாளில் இறுகி நின்றுவிடும். கறுப்பு வருவது நிற்கும்வரை காந்தத்தை ஓட்டுங்கள், எனக்கு ஏழு தடவை ஆனது. எடுத்த கறுப்பு மணலைத் தூக்கிப் போட வேண்டாம், பின்னால் கரி கொட்டிய இடத்துக்கு, ரயில் போகாத மூலையில், ஆகும்.

ஜல்லியைப் பிரஷ்ஷால் கட்டைகளுக்கு நடுவில் ஒதுக்கி, ஒரு துளி ஷாம்பு கலந்த தண்ணீரைப் பனிபோல் தெளித்து நனைத்த பிறகு, ஃபெவிக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஷாம்பு இல்லாவிட்டால் பசை மணலில் இறங்காமல் உருண்டு நிற்கும். ஒரு நாள் தொடாமல் விடுங்கள், கல்லாகிவிடும்.

ரயில் ஓடுவது எப்படி என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தண்டவாளமும் ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிகள்: ஒன்றில் பிளஸ், ஒன்றில் மைனஸ், 12 வோல்ட் டிசி வரை. எஞ்சின் சக்கரம் வழியாக மின்சாரம் மோட்டாருக்குப் போகும். வோல்டேஜைக் கூட்டினால் வேகம், பிளஸ்-மைனஸை மாற்றினால் பின்னோக்கி. தொட்டால் ஷாக் அடிக்காது, பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம். ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்ட டிசிசி என்ற டிஜிட்டல் முறை உண்டு, அது இரண்டாம் வருஷத்துக்கு. முதல் வருஷத்தில் உங்களுக்கு வரும் பிரச்சினையில் பாதி தண்டவாள அழுக்காகத்தான் இருக்கும். எஞ்சின் தயங்கித் தயங்கிப் போனால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடையுங்கள், கறுப்பாக வரும், அப்புறம் ஓடும்.

தண்டவாளம் எந்த உலோகம் என்பதில் ஒரு சின்ன விஷயம். பட்டறை அண்ணன் ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வெள்ளியா தம்பி?" என்றார். பெட்டியில் நிக்கல் சில்வர் என்றுதான் போட்டிருக்கிறது. "இல்லைங்கண்ணா, செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பேர்லதான் வெள்ளி இருக்கு" என்றேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு இரண்டு துண்டு தண்டவாளத்தை அடியில் கம்பி வைத்து ஈயப்பற்று போட்டுக் கொடுத்தார், மேலே விரலை வைத்துத் தடவினால் இணைப்பு இருக்குமிடமே தெரியவில்லை. பட்டறைக்காரர், தச்சர், சைன்போர்டு எழுதுகிறவர், தையல்காரர் என்று கைத்தொழில் தெரிந்த எவருக்கும் இந்த வேலையைக் காட்டிப் பாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

மலைக்கு மரம் வேண்டும். காய்ந்த துளசித் தண்டு நல்ல கிளை அமைப்போடு இருக்கும். அதில் பசை தொட்டு, மிக்ஸியில் அரைத்துப் பச்சை ஏற்றிய ஸ்பாஞ்சுத் தூளைத் தூவினால் மரம் தயார். ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்கு அது போதாது, அங்கே நிழலுக்கு நிற்பது சில்வர் ஓக், நெட்டையாக, நேராக, பாதி உயரம் வரை மிளகுக்கொடி சுற்றி. மெல்லிய கம்பிகளை முறுக்கித் தண்டாக்குங்கள். நிஜ மரத்தைச் சரியாகச் சுருக்கினால் ஒரு அடி வரும், பாதியாக வைத்தாலே காடு மாதிரி தெரியும், முன்னால் உயரமாகவும் பின்னால் குட்டையாகவும் நட்டால் தூரமும் கூடும். அடியில் காபிச் செடி இருபது மி.மீ. உயரம், வரிசையாக, கவாத்து செய்த மாதிரி தலை தட்டையாக.

பெரிய வேலைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் புனேயில் ஜோஷி குட்டி ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, ஜெர்மனியின் ஹாம்பர்கில் 2001-இல் தொடங்கிய மினியாட்டூர் வுண்டர்லாண்ட் இருக்கிறது, அதுவும் இதே எச்ஓதான். சென்னைக்குப் போனால் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்து ரயில் மியூசியத்தில் பழைய பெட்டிகளைக் கிட்டே நின்று பார்க்கலாம், ஸ்கேலும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

என் பலகையில் கேட் ரூம் முடிந்துவிட்டது, இப்போது காபி எஸ்டேட் களம் கட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்பதடிக்கு இருபதடி சிமென்ட் தளம், மாடலில் 14 செ.மீ.க்கு 7. ஓரத்தில் முக்கால் அடி கட்டைச் சுவர், ஒரு மூலையில் ஆறு ரூம் லைன் வீடு. களத்தில் காயவைத்த காபிப் பழத்துக்கு எதைப் போடுவது என்று ரொம்ப நாள் யோசித்தேன். காய்ந்த பழம் சென்டிமீட்டர் சொச்சம், 87-ஆகச் சுருக்கினால் கண்ணுக்கே எட்டாத தூள். கடைசியில் ஃபில்டரில் மிஞ்சிய காபிச் சக்கையை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஈரம் கொஞ்சமும் இல்லாமல், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும், மஸ்லின் துணியில் சலித்துப் பரப்பியிருக்கிறேன். தூளில் வரி வரியாகக் கோடு தெரிய, அதை வாரி இழுக்கிற பலகைக்கு ஈர்க்குச்சியில் கைப்பிடி வைத்தாகிவிட்டது. அதைப் பிடித்திருக்கிற அம்மாவைத்தான் இன்னும் செய்யவில்லை, 18 மி.மீ.